அந்தப் பாட்டில் தண்ணீர் வரவில்லை

எங்கள் அப்பாவின் லாரியில் திருட்டுப் பாட்டு ஓடாது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருந்த மற்றவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். போர்வெல் போடும் அந்த வண்டிகள் ஊரைவிட்டுக் கிளம்பினால் மாதக்கணக்கில் வடக்கே சுற்றும். வழிக்கும் வேலைக்கும் பாட்டுத்தான் துணை. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து செல்போன் கடைகளில் ஒரு மெமரி கார்டைக் கொடுத்தால் படம் வெளிவருவதற்கு முன்பே அதன் பாட்டுகளை ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். அப்பா மட்டும் சேலம் போகும்போதெல்லாம் பெரிய கடையில் ஒரிஜினல் சிடி வாங்கி வந்து உறை பிரிக்காமல் டிரைவரிடம் கொடுப்பார். டிரைவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவார். சங்ககிரி தாண்டியதும் சிடியைக் கழற்றிவிட்டு மெமரி கார்டைச் செருகிக்கொள்வார் என்பது அப்பாவைத் தவிர எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பாவின் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வண்டிக்கு அவரே பார்த்துப் பார்த்து ஒரு பச்சை நிறமும் ஒரு பெயரும் தேர்ந்தெடுத்திருந்தார். அந்தப் பச்சைக்கு ஊரில் நல்ல பெயர் கிடைத்தபின், வேறொருவர் அதே பச்சையை அடித்து, பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வண்டி விட்டார். எங்களைத் தேடி வந்த விவசாயிகள் அவரிடம் போனார்கள். அவர் போட்ட குழியில் மோட்டார் சிக்கியபோது திட்டுவதற்கு மட்டும் சரியாக எங்களிடம் வந்தார்கள். அப்பா வெகுநாள் குமுறினார். அடுத்தவன் பேரைத் தின்று பிழைக்கிறவன் கோயில் உண்டியலில் கை வைக்கிறவனைவிடக் கேடு கெட்டவன் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். நான் குழம்பைப் பிசைந்துகொண்டே தலையாட்டுவேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். வீட்டில் என்னோடு அதிகம் பேசுகிறவர் மாமா. அம்மாவின் தம்பி. அம்மாவைப் பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட, பள்ளிக்கூடப் பையனாக இருந்த மாமாவை அப்பாதான் அழைத்து வந்து வீட்டில் வைத்து இன்ஜினியரிங் வரை படிக்க வைத்திருந்தார். படிப்பு முடிந்தும் வேலை அமையவில்லை. அப்பாவின் வண்டிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் பழைய லேப்டாப்பில் பாட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார். அத்தனையும் அப்பாவின் அகராதிப்படி திருட்டுப் பாட்டு.

மாமாவிடம் ஒரு வினோதப் பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் இசை யார், எழுதியது யார், பாடியது யார் என்று தேடிப் பிடித்து அதன் தலைப்பில் தட்டச்சு செய்து வைப்பார். எனக்கு அது வெட்டி வேலையாகத் தோன்றியது. எதற்கு என்று கேட்டேன்.

“காசு குடுக்காம பாட்ட எடுக்கறமில்ல சாமி, அதே ஒரு தப்பு. அவிங்க பேரையும் எடுத்துப்போட்டா அப்பறம் அவிங்களுக்கு என்னதான் மிஞ்சும்?”

எனக்குப் புரிந்த அளவில், பேர் எழுதிவிட்டால் தப்பில்லை. ஆகவே ஒரு பென் டிரைவ் நிறையப் பாட்டை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்புத் தோழிகளுக்கெல்லாம் கொடுத்தேன். கம்ப்யூட்டர் லேபில் மாட்டிக்கொண்டேன். அப்பாவுக்குப் போன் போனது.

அப்பா என்னை அடிக்கவில்லை. ஷெட்டுக்கு அழைத்துப்போனார். ரிக் வண்டி புறப்பட நின்றுகொண்டிருந்தது. பென் டிரைவை முன் சக்கரத்துக்குக் கீழே நானே வைக்க வேண்டும் என்றார். ஓட்டுநர்கள், வெல்டர், டீ கொண்டுவந்தவர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் குனிந்து வைத்தேன். வண்டி அதன் மேல் ஏறி இறங்கியது. வண்டியை ஏற்றிய டிரைவர்தான் சங்ககிரி தாண்டியதும் மெமரி கார்டைச் செருகுகிறவர். அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அப்பா திரும்பி மாமாவிடம், “படிச்சவன் நீயே திருட்டுப் பொருள பொம்பளப்புள்ள கையில குடுத்துடறதா மாப்ள? என்ற ஊட்டுல இது ஆவாது,” என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, “இனிமே நடக்காதுங்க மச்சான்,” என்றார்.

எல்லோர் முன்னாலும் எனக்குக் கூசியது. ஆனால் அப்பா சொன்னது சரி என்றே நினைத்தேன். அன்றைக்கு அப்பா மிகப் பெரிய மனிதராகத் தெரிந்தார்.

அதற்குச் சில நாட்களிலேயே எங்கள் வண்டியின் மேனேஜர் வேலையை விட்டுவிட்டுப் போனதால் அப்பா மாமாவை வண்டியோடு வடக்கே அனுப்பினார். மழை பிடித்ததும் வண்டிகள் ஊர் திரும்பும். மாமா கறுத்து, இளைத்து, தலைமுடியெல்லாம் செம்பட்டையாகித் திரும்பி வந்தார். வந்த அன்று அம்மா அரிசியும்பருப்பும் சோறு ஆக்கிப்போட்டு, எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மாமா அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னார்.

வடகர்நாடகத்தில் எங்கோ ஒரு கரட்டுக் காடு, பாறை மண்டிய மேட்டு நிலம். விடிந்ததிலிருந்து துளை இறங்கிக்கொண்டே இருந்ததாம். அந்த நிலத்துக்காரப் பெண் இடுப்பில் காலிப் பிளாஸ்டிக் குடத்தோடு வண்டிக்கு அருகிலேயே நின்றாளாம். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. தண்ணீர் வந்தால் முதல் குடம் தான் பிடிக்க வேண்டும் என்று கையைக் காட்டிச் சொன்னாளாம். இரும்புக் குழாய் வழியே காற்றைக் கல்லுக்குள் அடிக்க அடிக்க வெறும் மாவுப் புழுதிதான் மேலே வந்ததாம். அவள் தலை, புருவம், குடம் எல்லாம் வெள்ளை. பொழுது சாயும்போது வண்டியை நிறுத்திவிட்டார்கள். அவள் வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் மோர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

“அந்த மோரு தொண்டைக்குள்ள எறங்கவே இல்லக்கா,” என்றார் மாமா. பிறகு, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, அதை வைத்து ஒரு பாட்டுக் கட்டியிருப்பதாகச் சொன்னார். சாப்பிட்ட கை காயக் காயப் பாடினார்.

கல்லுக்குள்ள போற காத்தே
காத்திருக்கா ஒருத்தி மேல
சொல்லிட்டு வா, சொல்லிட்டு வா
தண்ணி எங்க படுத்திருக்கு

இப்படித் தொடங்கிப் போகும். கடைசி அடி வரைக்கும் தண்ணீர் வராது. காற்று மட்டும் திரும்பி வரும். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பாடச் சொன்னாள். கை கழுவ வந்த அப்பா வாசற்படியிலேயே நின்று முழுப்பாட்டையும் கேட்டார்.

“அட, நல்லாருக்குதே மாப்ள! இத மேடையில பாட வெக்கோணும்,” என்றார். தன் போனில் பதிந்து தரச் சொன்னார். மாமாவின் முகம் அன்று இருந்த மாதிரி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்பா அதைச் சும்மா சொல்லவில்லை. ரிக் உரிமையாளர்களின் குடும்ப விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்க இருந்தது. அதில் பாட வந்த இசைக்குழுவிடம் அவரே போய்ப் பேசினார். மாமாதான் போய் அந்தக் குழுவின் பாடகருக்கு மெட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். விழா நாளன்று மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். எனக்குத் தலை பின்னிவிட்ட அம்மா, “இன்னிக்கி உன்ற மாமன் பேரு மைக்குல வரும் பாரு,” என்றாள். அம்மாவின் விரல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பின்னின.

எங்களுக்கு முன்வரிசை. மாமா மேடைக்குப் பக்கவாட்டில், ஒலிபெருக்கிப் பெட்டிகளின் அருகே நின்றுகொண்டார். பாட்டு முடிந்தது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் குழாய் இறக்கிப் பிழைக்கிறவர்கள். வெறும் புழுதி வரும் நாள் எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பிறகு எழுந்த கைதட்டல் நிற்கவே இல்லை. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் ஓடி வந்து மைக்கைப் பிடித்தார். பாட்டை ஏற்பாடு செய்தவர் அப்பா என்பதால் எழுதியவரும் அவர்தான் என்று அவர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அப்பாவின் பெயரைச் சொல்லி, “இத்தனை நாள் இந்தக் கவிஞரை ஒளிச்சு வெச்சிருந்தீங்களே!” என்றார்.

அப்பா எழுந்தார். அவருடைய வலது கை ஆளைத் தடுக்கிற மாதிரி மேலே உயர்ந்ததை நான் பார்த்தேன். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. கைதட்டல் இன்னும் பெரிதானது. பின்வரிசையிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். உயர்ந்த கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இடது கையும் வந்து அதோடு சேர்ந்துகொண்டது. அப்பா கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் குடத்துக்காரப் பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தான் நேரில் பார்த்ததாகச் சொன்னார். அப்பா வண்டியோடு வடக்கே போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. புழுதியைச் சொன்னார், மோரைச் சொன்னார். கூட்டம் ரசிக்க ரசிக்க அவருக்கு உற்சாகம் ஏறியது. கடைசியில், அந்தத் தாயின் கண்ணீரைப் பார்த்த தான் இன்னும் ஒரேயொரு குழாய் இறக்கச் சொன்னதாகவும், தண்ணீர் தென்னைமர உயரத்துக்குப் பீறிட்டதாகவும், அவள் முதல் குடம் பிடித்துத் தன் காலில் ஊற்றியதாகவும் சொன்னார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொகுப்பாளர் அத்தோடு விட்டிருக்கலாம். குடும்ப விழா என்பதால் மைக்கோடு கீழே இறங்கி எங்களிடம் வந்தார். “அப்பா பாட்டு எழுதும்போது வீட்டுல எப்படி இருப்பாரு? நீ சொல்லு பாப்பா,” என்று என் வாயருகே மைக்கை நீட்டினார்.

அப்பா சொல்லிக்கொடுத்த உண்மையும் நேர்மையும் என் நாக்கு நுனியில் இருந்தன. அப்பாவுக்கு ஏதோ மறந்துவிட்டது, ஞாபகப்படுத்தினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

“இது எங்க மாமா பாட்டுங்க. அந்தம்மாவ மாமாதானுங்க பாத்தாங்க. அப்பா, தண்ணி வரலீங்கப்பா!”

என் குரல் நாலா பக்கமிருந்தும் திரும்பி வந்து என்மேலேயே விழுந்தது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. அப்பா சால்வையோடு மேடையில் நின்றார். எல்லோரும் மாமா இருந்த பக்கம் திரும்பினார்கள். தொகுப்பாளர் மைக்கை அவரிடம் கொண்டுபோனார்.

மாமா எங்கள் வரிசையைப் பார்த்தார். என்னைப் பார்ப்பதாக நினைத்து நான் சிரித்தேன். அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைக்கை வாங்கி, மிக இயல்பாகச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

“மச்சான் சொல்லச் சொல்ல நாந்தானுங்க எழுதுனேன். மெட்டும் அவிங்களுதுதானுங்க. பாடிக் காட்டுனது நானுங்கறதுனால பாப்பா என்ற பாட்டுன்னு நெனச்சுக்கிச்சு. மாமன்னா அதுக்கு உசுருங்க.”

மண்டபம் பெரிய நிம்மதியோடு சிரித்தது. பக்கத்து இருக்கைக்கார அம்மா என் கன்னத்தைக் கிள்ளி, “பொய்யப் பாரு இந்தக் குட்டிக்கு!” என்றார். என் வகுப்புத் தோழி ஒருத்தி இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பென் டிரைவ் நசுங்கிய அன்று பட்ட அவமானம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. அன்றைக்கு நான் தப்புச் செய்திருந்தேன். இன்றைக்கு என்ன செய்தேன் என்றே தெரியாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விழா முடிந்து வீட்டுக்கு வந்தோம். உள்ளே நுழைந்ததும் அம்மா என்னை அப்பாவின் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். “மாமாதானேம்மா…” என்று ஆரம்பித்தேன். அம்மா அறைந்தாள். என்னை அவள் அறைந்தது அந்த ஒரு தடவைதான். அறைந்துவிட்டு அவளே அழுதாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, “பரவால்ல உடு. சின்னப்புள்ள,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மாமா மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் என் பாவாடை ஒன்றை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, “பாட்டுத்தானே சாமி. மாமன் இன்னொண்ணு எழுதிக்கறேன்,” என்றார். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்ட ஆளோடு இனிப் பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கவும் செய்தேன். தீபாவளிக்கு முன்பே அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது நான் படிப்பதுபோலப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டேன். “வாரேன் சாமி,” என்ற குரல் மட்டும் கேட்டது. இப்போதும் கல்யாணம் காட்சிகளுக்கு வருகிறார். அன்பாகப் பேசுகிறார். பாடச் சொன்னால் தொண்டை சரியில்லை என்கிறார். அவர் இன்னொன்று எழுதவில்லை.

பாட்டு நின்றுவிடவில்லை. அப்பா அதை ஈரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்து, தன் பெயரோடு இணையத்தில் ஏற்றினார். பஸ் ஸ்டாண்டுக் கடைகள் உடனே அதை எடுத்து மெமரி கார்டுகளில் போட ஆரம்பித்தன. ஒருவரும் அப்பாவிடம் கேட்கவில்லை, காசு கொடுக்கவும் இல்லை. அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. வண்டிகள் போகிற ஊரிலெல்லாம் தன் பாட்டு ஓடுகிறது என்று வருவோர் போவோரிடம் சொன்னார். திருட்டுப் பாட்டு என்ற சொல்லை அந்த மாதங்களில் நான் அவர் வாயில் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள், வேறு யாரோ அதே பாட்டை வேறு குரலில் பாடி, எழுதியவர் என்று வேறு பெயரைப் போட்டிருப்பதை ஒருவர் அப்பாவுக்குக் காட்டினார். அப்பா கொதித்துவிட்டார். பாட்டைக் கேட்டுக்கட்டும், பரப்பிக்கட்டும், பேரை எப்படி எடுக்கலாம், போலீசுக்குப் போகிறேன் என்று கூடத்தில் நடந்துகொண்டே கத்தினார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், “ஏனுங்க, அவிங்களும் தண்ணி வந்துச்சுன்னே சொல்லியிருக்கறாங்களா?” என்று கேட்டாள்.

அப்பா நடப்பது நின்றது. போலீசுக்கும் போகவில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது பெரியவர்களின் சாதாரணப் பேச்சாகவே பட்டது. என் கவலை வேறாக இருந்தது. விழாவுக்குப் பிறகு அப்பா என்னைத் திட்டுவதே இல்லை. மதிப்பெண் குறைந்த ரேங்க் கார்டை நீட்டினால் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். கேட்ட பொருளை மறுநாளே வாங்கிவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். நான் எதிரே உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். அத்தனை பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேன், அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். நாளாக நாளாக, மாமா சொன்னதுதான் நிஜமோ, நான்தான் தவறாக நினைத்துக்கொண்டேனோ என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது. அப்பாவின் மனது இறங்க என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பள்ளி ஆண்டுவிழாப் பேச்சுப் போட்டி வந்தது. ‘என் தந்தை’ என்பது தலைப்பு. “என் அப்பா ஒரு கவிஞர்” என்று தொடங்கினேன். குடத்தோடு நின்ற பெண்ணைச் சொன்னேன். ஒரேயொரு குழாய் இறக்கச் சொன்னதையும், தண்ணீர் தென்னைமர உயரத்துக்கு எழுந்ததையும், அவள் அப்பாவின் காலில் முதல் குடத்தை ஊற்றியதையும் கை கால் ஆட்டிச் சொன்னேன். முதல் பரிசு கிடைத்தது.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன பேசினேன் என்று கேட்டார். பல நாளுக்குப் பிறகு அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. நின்ற இடத்திலேயே முழுப் பேச்சையும் ஒரு வார்த்தை விடாமல் மறுபடி சொன்னேன். அப்பா பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார். நான் முடித்ததும், “நல்லாப் பேசியிருக்கற சாமி,” என்றார். தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, கையைக் கழுவாமலே வெளியே போய்விட்டார்.

கோபம் இன்னும் தணியவில்லை என்று நினைத்தேன். அடுத்த வருஷம் இன்னும் நன்றாகப் பேச வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.